இரண்டாவது மாத்திரை: தலவாக்கலையிலிருந்து ஒரு கணக்கு

தலவாக்கலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மாரடைப்பு பல வேளைகளில் 'வாய்வு' என்ற பெயரில்தான் வந்து சேர்கிறது. நெஞ்சு அடைக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, இடது தோள் இழுக்கிறது என்றால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் முதலில் தேடுவது இஞ்சியும் உள்ளியும். அடுத்தது கடையில் வாங்கும் கேஸ் மாத்திரை. அதற்கும் கேட்காவிட்டால் தோட்ட டிஸ்பென்சரி. அங்கிருந்து லிந்துலை வைத்தியசாலை. அதற்கு அப்பால், ஒரு பக்கம் சுமார் 30 கிலோமீட்டரில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, மறுபக்கம் ஹட்டனைத் தாண்டி டிக்கோயா ஆதார வைத்தியசாலை. நாடிக்குள் குழாய் செலுத்தி, அடைப்பைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைக்க வேண்டுமென்றால் பொதுவாகக் கண்டிதான். பூண்டுலோயா, கொத்மலை, கம்பளை என்று இறங்கினாலும், ஹட்டன், நாவலப்பிட்டி என்று சுற்றினாலும் இரண்டரை, மூன்று மணி நேரம் போய்விடும். மழைக்காலத்தில் அந்தக் கணக்கையும் நம்ப முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளைச் சரித்தபோது மலையகத்தின் பல பாதைகள் நாட்கணக்கில் அறுபட்டுக் கிடந்தன.

மருந்துகளைப் பற்றிய கட்டுரையில் பாதைகளை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாரடைப்பு நோயாளிக்கு அஸ்பிரினோடு சேர்த்துக் கொடுக்க எந்த மருந்து சிறந்தது என்ற கேள்வியை, இந்த நூற்றாண்டு பிறந்ததிலிருந்து பல்லாயிரம் நோயாளிகளை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். குளோபிடோகிரல், பிரசுகிரல், டிக்காகிரலோர் என்று மூன்று பெயர்கள் மாறி மாறி முன்னுக்கு வந்தன. புதியது பழையதை வென்றது என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள், அந்த வெற்றி எந்த வாசலில் கிடைத்தது என்று பார்ப்பதில்லை. பலூன் சிகிச்சை செய்யும் கூடத்தின் வாசலில் கிடைத்த வெற்றியை, கட்டியைக் கரைக்கும் ஊசியை நம்பியிருக்கும் மலைநாட்டு வார்டுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதே என் வாதம். இரண்டாவது மாத்திரை எது என்ற வாக்குவாதத்தைவிட, முதல் மாத்திரை எங்கே எப்போது கிடைக்கிறது என்பதில்தான் இங்கே அதிக உயிர்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்பது அதன் அடுத்த பகுதி.

முதலில் எதை அடக்கப் பார்க்கிறோம் என்பது. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடியின் உட்சுவரில் ஆண்டுக்கணக்காகப் படிந்த கொழுப்புப் படிவு ஒரு நாள் வெடிக்கிறது. அந்தப் புண்ணில் குருதிச் சிறுதட்டுகள் ஓடிவந்து ஒட்டுகின்றன. ஒட்டியவை வேதிச் செய்திகளை வெளிவிட்டு மற்றவற்றையும் அழைக்கின்றன. நிமிடங்களில் நாடி அடைபடுகிறது. கையில் கத்தி கீறினால் உயிர் காக்கும் அதே வேலைதான், செய்யக்கூடாத இடத்தில் நடக்கிறது. சிறுதட்டுகள் வெளிவிடும் அழைப்புகளில் இரண்டு முக்கியம். ஒன்று துரொம்பொக்சேன்; அதை உண்டாக்கும் நொதியத்தை அஸ்பிரின் நிரந்தரமாக முடக்குகிறது. சிறுதட்டுக்குக் கரு இல்லாததால் புதிய நொதியத்தை அதனால் செய்துகொள்ள முடியாது. ஏழு முதல் பத்து நாள் வரையான அதன் ஆயுள் முழுக்க அது முடங்கியதுதான். அஸ்பிரின் புரொஸ்டகிளண்டின்களின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று 1971 இல் கண்டறிந்த ஜோன் வேன், 1982 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மற்ற அழைப்பு ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. அது வந்து பொருந்தும் ஏற்பியை அடைப்பவைதான் மேலே சொன்ன மூன்று மருந்துகளும்.

அஸ்பிரின் மாரடைப்பில் உயிர் காக்கிறது என்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது, 1988 இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஐசிஸ்-2 ஆய்வு. 417 வைத்தியசாலைகள், 17,187 நோயாளிகள். நாலு விதமாகப் பிரித்தார்கள்: சிலருக்குக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி மட்டும், சிலருக்கு ஒரு மாதத்துக்கு அஸ்பிரின் மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. ஐந்து வாரத்தில், இரண்டும் கிடைக்காத 1000 பேரில் 132 பேர் இதய, குருதிக்குழாய் நோயால் இறந்தார்கள். இரண்டும் கிடைத்தவர்களில் 80 பேர். அஸ்பிரின் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் மட்டும் ஒப்பிட்டால் 1000 பேருக்கு 118 சாவு 94 ஆகக் குறைந்தது. ஊசி தனியாக 120 ஐ 92 ஆக்கியது. ஒரு சில சதம் பெறுமதியான மாத்திரை, அந்தக் காலத்தில் விலை உயர்ந்த ஊசிக்குக் கிட்டத்தட்டச் சமமாக நின்றது. ஊசியை மட்டும் பெற்றவர்களுக்கு மறு மாரடைப்பு சற்றுக் கூடியதும், அஸ்பிரினைச் சேர்த்ததும் அந்தக் கூடுதல் மறைந்ததும் இதே ஆய்வில் தெரிந்தது. கட்டி கரையும்போது சிறுதட்டுகள் மறுபடி கிளர்ந்தெழுகின்றன. ஆகவே ஊசி போடும் இடத்தில் சிறுதட்டை அடக்குவது இன்னும் அவசியம். இந்த ஒரு விஷயம் மலையகத்துக்கு முக்கியமானது. பின்னால் திரும்பவும் இதற்கு வருவேன்.

ஐசிஸ் ஆய்வுகளை ஒக்ஸ்போர்டில் வடிவமைத்தவர்களில் ஒருவர் சலீம் யூசுப். கேரளத்தில் பிறந்து, பெங்களூர் சென்ட் ஜோன்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். எளிய கேள்வியைப் பெருந்தொகை நோயாளிகளிடம் கேட்பது என்ற முறையை நிலைநாட்டியவர்களில் அவருக்கு இடமுண்டு. அந்த ஆய்வுக் கட்டுரையில் ஒரு குறும்பும் இருக்கிறது. இன்ன வயதினருக்கு, இன்ன வகை நோயாளிக்குப் பலன் எப்படி என்று சிறு குழுக்களாகப் பிரித்துக் காட்டும்படி இதழாசிரியர்கள் கேட்க, ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிறந்த தேதிப்படி ராசிவாரியாகவும் பிரித்துக் கொடுத்தார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் அஸ்பிரின் சற்றுத் தீங்கு, மற்றப் பத்து ராசிகளுக்கும் பெரும் நன்மை என்று கணக்கு வந்தது. (நம் சந்திர ராசி அல்ல, மேல்நாட்டுச் சூரிய ராசி, நம்மவர்கள் ஜாதகத்தைப் புரட்ட வேண்டியதில்லை.) பெரிய ஆய்வைச் சின்னத் துண்டுகளாக வெட்டினால் தற்செயலும் உண்மைபோல் முகம் காட்டும் என்பதே அவர்கள் சொல்ல வந்தது. மருந்துகளை ஒப்பிடும் எல்லாக் கட்டுரைகளையும் படிக்கும்போது இந்த இரண்டு ராசிகளையும் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இரண்டாவது மாத்திரைக்கு வருவோம். குளோபிடோகிரல் 1997 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாடி முழுதாக அடைபடாத வகை நோயாளிகளில் அஸ்பிரினோடு அதைச் சேர்த்தால் நன்மை என்று 2001 இல் யூசுப் தலைமையிலான கியூர் ஆய்வு காட்டியது. நாடி முழுதாக அடைபட்டு, ஊசி போடப்படும் நோயாளியைப் பற்றிய பதில் 2005 இல் இரண்டு ஆய்வுகளாக வந்தது. கிளாரிட்டி என்பது 3,491 பேரைக் கொண்டது. 75 வயதுக்கு உட்பட்டவர்கள். எல்லாருக்கும் கரைக்கும் மருந்து கொடுத்தபின் பாதிப்பேருக்கு முதலில் 300 மில்லிகிராம், பிறகு தினம் 75 மில்லிகிராம் குளோபிடோகிரல். சில நாள் கழித்து நாடியைப் படமெடுத்துப் பார்க்கும்போது அடைப்பு நீடிப்பது, அல்லது அதற்குள் சாவு, மறு மாரடைப்பு ஏற்படுவது ஆகியவை 21.7 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக இறங்கின. பெரும்பாலும் நாடி திறந்திருந்ததால் வந்த வேறுபாடு அது. சாவு குறைந்ததை அது காட்டவில்லை. சாவைக் காட்டியது சீனாவில் நடந்த கொமிட். 1,250 வைத்தியசாலைகள், 45,852 பேர், வயதுக்கு மேல் வரம்பு இல்லை, கிளாரிட்டியின் 300 மில்லிகிராம் போன்ற தொடக்க மிகைமருந்தும் இல்லை. வெறும் 75 மில்லிகிராம், அஸ்பிரினோடு. சாவு 8.1 சதவீதத்திலிருந்து 7.5 ஆனது. பெரும் இரத்தக்கசிவு இரு பக்கத்திலும் ஏறக்குறைய ஒன்றே.

1000 பேருக்கு ஆறு உயிர். அஸ்பிரினின் 24 க்குப் பக்கத்தில் வைத்தால் சிறிதாகத் தெரியும். ஆனால் இது அஸ்பிரின் ஏற்கெனவே காப்பாற்றியவர்களுக்கு மேல் காப்பாற்றப்பட்ட ஆறு பேர்.

அடுத்த இரண்டு மருந்துகளும் வேறு உலகத்தில் சோதிக்கப்பட்டன. பிரசுகிரலை ஆராய்ந்த டிரைட்டன் (2007) 13,608 பேரைச் சேர்த்தது; அவர்கள் எல்லாரும் பலூன் சிகிச்சைக்கெனத் தேர்ந்தவர்கள். இதயச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்த அளவு குளோபிடோகிரலில் 12.1 சதவீதம், பிரசுகிரலில் 9.9. அதற்குக் கொடுத்த விலை இரத்தக்கசிவு: பெரும் கசிவு 1.8 சதவீதத்திலிருந்து 2.4 ஆக ஏறியது. உயிரைக் கொண்டுபோன கசிவும் கூடியது. முன்பு பக்கவாதம் வந்தவர்களுக்கு அது கூடாது, 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் 60 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் எச்சரிக்கை வேண்டும் என்று அந்த ஆய்விலிருந்தே தெரிந்தது. டிக்காகிரலோரை ஆராய்ந்த பிளாட்டோ (2009) 18,624 பேருடையது. ஓராண்டில் எந்தக் காரணத்தாலும் ஏற்பட்ட சாவு 5.9 சதவீதத்திலிருந்து 4.5 ஆனது, 1000 பேருக்கு 14 உயிர். இந்த எண்தான் டிக்காகிரலோரை உலகெங்கும் கொண்டுபோனது. ஆனால் முந்தைய 24 மணி நேரத்துக்குள் கரைக்கும் ஊசி பெற்றவர்களைப் பிளாட்டோ சேர்த்துக்கொள்ளவே இல்லை.

அந்த ஒரு வரியை வைத்துத்தான் தலவாக்கலையின் கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். லிந்துலையிலிருந்தோ டிக்கோயாவிலிருந்தோ நுவரெலியாவுக்கு ஏற்றப்பட்டு, அங்கே ஊசி போடப்பட்ட நோயாளியைப் போன்ற ஒருவர்கூட அந்த 18,624 பேரில் இல்லை. அவரைப் பொறுத்தவரை அந்த 14 உயிர் என்பது பக்கத்து வீட்டுக் கணக்கு.

அவருக்கான ஆய்வு 2018 இல் வந்தது. பிரேசிலிலிருந்து நடத்தப்பட்ட ட்ரீட். பத்து நாடுகளில் 3,799 பேர், எல்லாரும் கரைக்கும் மருந்து பெற்றவர்கள், 75 வயதுக்கு உட்பட்டவர்கள். பாதிப்பேருக்கு டிக்காகிரலோர், பாதிப்பேருக்குக் குளோபிடோகிரல். முப்பது நாளில் பெரும் கசிவு 0.73 சதவீதமும் 0.69 சதவீதமும், ஆகவே டிக்காகிரலோர் கொடுத்தால் கூடுதல் ஆபத்து இல்லை என்று நிறுவியது. ஆனால் ஓராண்டு முடிவில் இதயச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் சேர்ந்த அளவு டிக்காகிரலோரில் 6.7 சதவீதம், குளோபிடோகிரலில் 7.3, புள்ளிவிவரப்படி வேறுபாடு என்று சொல்ல முடியாதது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ட்ரீட்டில் டிக்காகிரலோர் தொடங்கியது ஊசி போட்டு நடுக்கணக்கில் 11 மணி நேரம் கழித்து. அதற்குள் பெரும்பாலானோர் குளோபிடோகிரலை விழுங்கியிருந்தார்கள். ஊசியோடு கூடவே டிக்காகிரலோரை முதல் மாத்திரையாகக் கொடுக்கலாம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2023 வழிகாட்டியும், ஊசி போடும் நோயாளிக்கு அஸ்பிரினோடு குளோபிடோகிரலையே சொல்கிறது. நாட்டுக்குத் தக்கபடி ஏழைக்குப் பழைய மருந்து என்று இதை எடுத்துக்கொள்வது தவறு. இந்த நோயாளிக்குச் சான்று உள்ள மருந்து அதுதான்.

பிரசுகிரலும் டிக்காகிரலோரும் நேருக்கு நேர் மோதியது ஐசார்-ரியாக்ட் 5 (2019). ஜெர்மனியிலும் இத்தாலியிலும் 4,018 பேர். பொது நிதியில் நடந்தது. டிக்காகிரலோர் வெல்லும் என்று எதிர்பார்த்துத் தொடங்கியவர்களுக்கே முடிவு தலைகீழாக வந்தது: ஓராண்டில் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் சேர்ந்த அளவு டிக்காகிரலோரில் 9.3 சதவீதம், பிரசுகிரலில் 6.9. இரத்தக்கசிவு பிரசுகிரலில் கூடவும் இல்லை. பிளாட்டோவின் அமெரிக்க நோயாளிகளிடையே டிக்காகிரலோர் நன்மை காட்டாதது முன்பே தெரிந்ததுதான். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011 இல் அனுமதி கொடுத்தபோது, அதிக அளவு அஸ்பிரின் அதற்குக் காரணமாயிருக்கலாம் என்று கருதி, அஸ்பிரின் தினம் 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற எச்சரிக்கையையும் சேர்த்தது. அமெரிக்க முடிவு உண்மையா, மிதுன ராசியா என்ற சர்ச்சை ஓயவில்லை. 2024 டிசம்பரில் 'பிஎம்ஜே' இதழ் பிளாட்டோவின் தரவுகளையே கேள்விக்கு உட்படுத்தி எழுதியது. டிக்காகிரலோர் பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அதைக் கொடுக்காத வைத்தியர் பின்தங்கியவர் என்ற தொனிக்கு ஆதாரம் போதாது என்கிறேன்.

இனி உடலைப் பற்றிய ஒரு விஷயம். குளோபிடோகிரல் விழுங்கியபடியே வேலை செய்வதில்லை. குடலிலிருந்து சேர்வதில் பெரும்பங்கு வீணாகிறது. எஞ்சிய சிறு பங்கைக் கல்லீரல் இரண்டு படியில் மாற்றினால்தான் மருந்து. அந்த வேலைக்கு வேண்டிய நொதியங்களில் முக்கியமானது சைப் 2சி19. அதன் மரபணுவில் ஒரு வகை மாற்றம் இருந்தால் நொதியம் மந்தம். பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்திருந்தால் மருந்து சரியாக உருவாகாது. இத்தகையோர் பற்றி 2010 இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் குளோபிடோகிரலின் மருந்துக் குறிப்பிலேயே கட்டமிட்ட எச்சரிக்கை போடச் செய்தது. புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் 2003 இல் தமிழரிடையே பார்த்தபோது, அந்த முக்கிய மாற்றம் மரபணுப் பிரதிகளில் ஏறக்குறைய 38 சதவீதத்தில் இருந்தது. ஐரோப்பியரிடையே அது 15 சதவீதம் அளவில்தான். தலவாக்கலைத் தோட்டங்களில் வாழ்பவர்களின் முன்னோர் வந்தது திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களிலிருந்து. அந்த எண்ணிக்கை கடலைத் தாண்டியதும் குறைந்திருக்க நியாயமில்லை.

அப்படியானால் தமிழருக்குக் குளோபிடோகிரல் பொருந்தாது என்று முடிவு கட்டலாமா? சிலர் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. மந்த நொதியம் சீனரிடையேயும் இதே அளவில் காணப்படுவது. கொமிட் நடந்ததோ முழுக்கச் சீனாவில். தொடக்க மிகைமருந்து இல்லாமல், மரபணு பார்க்காமல், 45,852 பேரில். அந்தக் கூட்டத்திலேயே சாவு குறைந்தது. மரபணுவின் தீங்கு தெளிவாகத் தெரிவது ஸ்டென்ட் வைத்தவர்களிடம். ஸ்டென்டுக்குள் கட்டி சேர்வது அவர்களிடையே பல மடங்காகிறது. ஆகவே கண்டியில் ஸ்டென்ட் வைத்துத் திரும்பிய ஐம்பது வயதுக்காரருக்கு, கசிவு ஆபத்து குறைவு என்றால், டிக்காகிரலோரோ பிரசுகிரலோ கேட்பதற்கு இது நல்ல காரணம். ஊசி மட்டும் போட்டு வீடு திரும்பியவருக்கு இதே காரணத்தை நீட்டுவது சரியல்ல. வாய்வு என்று தொடங்கிய நோய்க்கு ஒமெபிரசோலும் கூடவே எழுதப்படுவது வழக்கம். அதுவும் சைப் 2சி19 ஐ மந்தப்படுத்தும். 2010 இல் வெளிவந்த கொஜென்ட் ஆய்வு, இரண்டையும் சேர்த்தவர்களிடம் இதயத் தீங்கைக் காணவில்லை; குடல் கசிவு குறைந்ததையே கண்டது. இருந்தும் பன்டொப்ரசோல் கையிலிருந்தால் அதைக் கொடுப்பதில் நட்டமில்லை.

பிரசுகிரலின் 60 கிலோ எல்லை இங்கே வெறும் அடிக்குறிப்பு அல்ல. கொழுந்து எடுக்கும் பெண்களில் அந்த எடையை எட்டாதவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்குக் குருதிச்சோகையும் உண்டு. இது ராசிக் கணக்கைப் போன்ற தற்செயலும் அல்ல: எடை குறைந்த உடலில் செயல்படு மருந்தின் செறிவு ஏறுகிறது என்பதற்கு உடற்றொழிலியல் விளக்கம் இருக்கிறது. ஐரோப்பிய நோயாளியை மனதில் வைத்து அளவிட்ட மாத்திரை, 45 கிலோப் பெண்ணிடம் வேறு மாத்திரையாகிவிடுகிறது.

டிக்காகிரலோரின் குணம் வேறு. பிளாட்டோவில் அதை எடுத்தவர்களில் 13.8 சதவீதத்தினருக்கு மூச்சுத்திணறல், குளோபிடோகிரலில் 7.8. நுரையீரலுக்குக் கெடுதல் இல்லை, பெரும்பாலும் தானாக அடங்கும். ஆனால் 1200 மீட்டருக்கு மேல், லயத்திலிருந்து மலைக்கு ஏறிப்போகும் ஒருவருக்கு, மாரடைப்புக்குப் பிறகு மூச்சு வாங்கினால் அவர் என்ன நினைப்பார்? இதயம் பழுதாகிவிட்டது என்று வைத்தியரே ஐயுறலாம்; நோயாளியோ மாத்திரையைத் தானாக நிறுத்திவிடலாம். அது காலையும் மாலையும் எடுக்க வேண்டிய மருந்து. ஏற்பியைப் பிடித்துப் பிடித்து விடுவது. நிறுத்தினால் சிறுதட்டுகள் விரைவாக மீள்கின்றன. குளோபிடோகிரல் பிடித்த சிறுதட்டை விடுவதில்லை, ஒரு வேளை தவறினாலும் நேற்றைய மருந்து நிற்கிறது. மாதம் ஒரு முறை கிளினிக்குக்குப் போய்த்தான் மருந்து எடுக்க வேண்டிய இடத்தில் இந்த வேறுபாட்டைச் சிறிதென்று சொல்ல மாட்டேன்.

கிளினிக் நாள் என்பது ஒரு பேர் போகும் நாள். தோட்டத்து வரவுப் பதிவான செக்ரோலில் அன்றைக்குப் பேர் விழாது. அன்றைய நாட்சம்பளம் போயிற்று; 2024 இல் வர்த்தமானியில் வந்த அடிப்படைத் தொகை 1,350 ரூபாவாக இருந்தது. பஸ் காசு தனி. வரிசையில் நின்று, மருந்துக் கூடத்தில் ஒன்று இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று சீட்டு எழுதித் தந்தால் அந்த மாதத்துக்கு அந்த மருந்து இல்லை என்றே பல வீடுகளில் பொருள். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் பெரிய வைத்தியசாலைகளே மருந்துக்குத் திண்டாடியதை நாடு பார்த்தது. குளோபிடோகிரல் 2015 இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. காப்புரிமை முடிந்தது, பல நாடுகளில் மலிவாகத் தயாராவது. இலங்கைக்கு இந்தச் சிந்தனை புதிதும் அல்ல. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றக் காரணமாயிருந்த சேனக பிபிலே கேட்டதும் இதே கேள்விதான்: நாட்டுக்கு எத்தனை மருந்து வேண்டும், அவை எப்போதும் இருக்கின்றனவா?

ஐசிஸ்-2 இல் அஸ்பிரினின் பலன், வலி தொடங்கிய முதல் மணிகளில் கொடுத்தாலும் 24 மணி நேரத்துக்குள் பிந்திக் கொடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. மணிக்கு மணி தேய்வது ஊசியின் பலன். 1994 இல் கரைக்கும் மருந்து ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஆறு மணி நேரத்துக்குள் வந்தவர்களில் 1000 க்கு சுமார் 30 உயிர், ஏழு முதல் பன்னிரண்டு மணிக்குள் வந்தவர்களில் சுமார் 20 என்று வந்தது. டிக்காகிரலோரை அம்பியுலன்சிலேயே கொடுத்தால் கூடுதல் நன்மையா என்று பார்த்த அட்லாண்டிக் ஆய்வு (2014), நாடி திறப்பதில் வேறுபாடு காணவில்லை. அதனால் தோட்ட டிஸ்பென்சரியில் அஸ்பிரின் கொடுப்பதன் பெறுமதி அதன் வேகத்தில் மட்டும் இல்லை. அஸ்பிரின் கொடுக்க முடிவெடுத்தவர் அது வாய்வு இல்லை என்றும் முடிவெடுத்துவிட்டார். 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்பியுலன்சை அழைக்கப் போகிறார். ஈசிஜி எடுக்கும் இடத்துக்கு ஆளை அனுப்பப் போகிறார். மாத்திரை அங்கே ஒரு நோய்நிர்ணயமாகவும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு முன்மாதிரிகள் உண்டு. தோமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி முதலிய இதயவியலாளர்கள், சிறு வைத்தியசாலைகளையும் ஊசி போடும் இடங்களையும் பலூன் கூடம் உள்ள மையங்களையும் வலையாகப் பின்னி, ஈசிஜியைத் தொலைவிலிருந்து பார்த்து, ஊசி போட்டபின் மையத்துக்கு மாற்றும் முறையை நாலு வட்டாரங்களில் நடத்தினார்கள். 2,420 நோயாளிகள், 2017 இல் வெளியான முடிவுப்படி ஓராண்டுச் சாவு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 1000 பேருக்கு 34. முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு என்பதால் சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வின் உறுதி அதற்கு இல்லை. ஆனாலும் புதிய மருந்து எதையும் நம்பாமல், இருக்கிற மருந்துகளை ஒழுங்காக ஓடவிட்டதன் எண் அது. அடுத்தது 2023 இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம்: ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்பு என்று தெரிந்தவுடன் 14 மாத்திரைகள். அஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோகிரல் 75 மில்லிகிராம் நாலு, அடோர்வஸ்டேட்டின் 10 மில்லிகிராம் எட்டு.

மலையகத்தில் இதற்கு இணையான வாசல் தோட்ட டிஸ்பென்சரிதான். தொழிலாளரின் மருத்துவத்துக்குத் தோட்டங்களையும் பொறுப்பாக்கிய ஆரம்பகாலச் சட்டங்களில் ஒன்று 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம். அப்போது பயம் கொலராவும் வயிற்றுப்போக்கும். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, புகையிலை சேர்த்து வெற்றிலை போடும் ஐம்பது வயதுக்காரரின் நெஞ்சு வலி அதே கட்டிடத்துக்கு வருகிறது. மெல்லும் புகையிலை மாரடைப்பு ஆபத்தை இரு மடங்குக்கு மேல் கூட்டுவதையும், தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருவதையும் (மற்ற நாட்டவருக்கு 58.8) யூசுப்பின் இன்டர்ஹார்ட் தரவுகள் காட்டின. டிஸ்பென்சரியில் இருக்கும் தோட்ட வைத்திய உதவியாளர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்ல. தோட்டத்துக்கு அவர் 'டொக்டர் ஐயா'தான். சில தோட்டங்களில் முழு நேரமும் ஒருவர் இருக்கிறார், சிலவற்றில் குறித்த நாட்களில் மட்டும் வருகிறார். அவரிடம் அஸ்பிரின் 300 மில்லிகிராமும், கேட்பதற்கு நாலு கேள்விகளும் இருந்தால் போதும்: இரத்த வாந்தியோ கறுப்பு மலமோ போயிற்றா, மூளையில் கசிவு வந்ததுண்டா, அஸ்பிரின் ஒவ்வாமை உண்டா, வலி முதுகைக் கிழிக்கிறதுபோல் இருக்கிறதா. கடைசிக் கேள்வி பெருநாடி கிழிந்திருக்கவில்லை என்று பார்க்க. குடலில் கரையும்படி உறை பூசிய மாத்திரையை முழுதாக விழுங்கச் செய்தால் தாமதம். மென்று விழுங்க வேண்டும். குளோபிடோகிரலையும் அங்கேயே கொடுக்கலாமா என்பதில் நான் சற்று நிதானிப்பேன். ஈசிஜி பார்த்த ஒருவரின் தொலைபேசிச் சொல்லுக்குப் பிறகு சரி. அப்போதும் 75 வயதைத் தாண்டியவருக்கு ஊசி போடப் போவதானால், மிகைமருந்து வேண்டாம். கிளாரிட்டி அவர்களைச் சேர்க்கவில்லை, கொமிட் காட்டிய 75 மில்லிகிராமே அவர்களுக்கான அளவு.

கண்டிக்குப் போய் வந்தவர்களின் நிலைமை தனி. அங்கே ஸ்டென்ட் வைத்து டிக்காகிரலோர் தொடங்கிவிட்டார்கள் என்றால், அதை ஓராண்டுக்குத் தொடர முடியுமா என்பதை வீட்டுக்கு அனுப்பும் முன்பே கேட்டுவிட வேண்டும். முடியாது என்றால் ஒழுங்கான வழி இருக்கிறது. கொரியாவில் 2,697 பேரில் நடந்த டாலோஸ் ஆய்வு (2021), முதல் மாதம் டிக்காகிரலோர், பிறகு குளோபிடோகிரல் என்று மாற்றியவர்களில் இதயத் தீங்கும் கசிவும் சேர்ந்த அளவு 4.6 சதவீதம், டிக்காகிரலோரையே தொடர்ந்தவர்களில் 8.2 என்று கண்டது. குறைந்தது பெரும்பாலும் கசிவு. வைத்தியர் திட்டமிட்டு மாற்றுவதும், மருந்து தீர்ந்துபோய் நோயாளி தானாக நிறுத்துவதும் ஒன்றல்ல. வைத்தியசாலையை விட்டு வரும்போது கொடுக்கும் நோய்நிர்ணய அட்டை பொதுவாக ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. லயத்தில் அதைப் படிப்பவர் பாடசாலை போகும் பிள்ளைதான். அந்த அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு வரி தமிழில் எழுத ஒரு நிமிடம் போதும்: எந்த மாத்திரை எந்த மாதம் வரை, தீர்ந்துபோனால் அதற்குப் பதில் எது, பல் பிடுங்கப் போனால் யாரிடம் கேட்க வேண்டும்.